தையல் ஊசியும் கோழி முட்டையும்: ரீத்தா லெவி-மொந்தால்சினி

இத்தாலியின் தூரின் நகரில், 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் ரீத்தா லெவி-மொந்தால்சினி. பெண்களுக்குப் பல்கலைக்கழகப் படிப்பு வேண்டாம் என்று எண்ணியவர் அவருடைய தந்தை. ஆனால், வீட்டில் பிள்ளைகளைப் பாசத்தோடு வளர்த்த பணிப்பெண் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தபோது, மருத்துவராவது என்று ரீத்தா உறுதிபூண்டார். தந்தையும் இறுதியில் இசைந்தார். 1936ல் மருத்துவப் பட்டம் கிடைத்தது.

இரண்டே ஆண்டுகளில், முசோலினி அரசின் இனச் சட்டங்கள் யூதர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றின. ரீத்தா மனம் தளரவில்லை. தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கினார். தையல் ஊசிகளைத் தீட்டி அறுவைக் கருவிகளாக்கி, கோழி முட்டைக் கருவில் நரம்புகள் வளரும் விதத்தை ஆராய்ந்தார். குண்டுவீச்சுக்கு அஞ்சிக் குடும்பம் கிராமத்திற்குச் சென்றபோதும் ஆய்வு தொடர்ந்தது. 1943ல் ஜெர்மன் படைகள் நுழைந்ததும், குடும்பத்தினர் புளோரன்ஸ் நகரில் பெயரை மறைத்து வாழ்ந்தனர். பின்னர் போர் அகதிகள் முகாமில் மருத்துவராகப் பணியாற்றினார் ரீத்தா.

அவருடைய கட்டுரைகளைப் படித்த விக்டர் ஹாம்பர்கர் என்ற அறிவியலாளர், அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகருக்கு அவரை அழைத்தார். 1947ல் சில மாதங்களுக்கெனச் சென்றவர், ஏறக்குறைய 30 ஆண்டுகள் அங்கே உழைத்தார்.

1948ல் எல்மர் பியூக்கர் என்பவர் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டிருந்தார். எலியின் புற்றுக்கட்டியைக் கோழிக் கருவில் பதித்தால், அருகிலுள்ள நரம்பு இழைகள் அக்கட்டிக்குள் நுழைந்து வளர்கின்றன என்பதே அது. இழைகள் படர்வதற்குக் கட்டி நல்ல இடமாக அமைந்துவிட்டது என்று அவர் கருதினார். ரீத்தா அதே சோதனையைச் செய்தபோது, கட்டியைத் தொடாத தொலைவிலுள்ள உறுப்புகளிலும், இரத்தக் குழாய்களுக்குள்ளும்கூட இழைகள் புகுந்திருக்கக் கண்டார். எனவே கட்டியைக் கருவுக்கு வெளியே, முட்டைக்குள் உள்ள சவ்வின்மேல் வைத்துப் பார்த்தார். இரத்த ஓட்டம் ஒன்றே இரண்டையும் இணைத்தது. அப்போதும் நரம்புகள் செழித்து வளர்ந்தன. அப்படியானால், கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரந்து அனுப்புகிறது!

இதை உறுதிசெய்ய, 1952ல் கட்டி வளர்ந்த இரண்டு எலிகளைத் தம்மோடு விமானத்தில் எடுத்துக்கொண்டு ரியோ டி ஜெனீரோ சென்றார். அங்கே கண்ணாடித் தட்டில் கட்டித் துண்டையும் நரம்பு முடிச்சையும் அருகருகே வைத்தார். ஒரே நாளில், சூரியனின் கதிர்களைப் போல நரம்பு இழைகள் சுற்றிலும் விரிந்தன. பின்னர் ஸ்டான்லி கோஹன் அப்பொருளைப் பிரித்தெடுத்தார். நரம்பு வளர்ச்சிக் காரணி என்று அதற்குப் பெயராயிற்று. 1986ல் இருவருக்கும் மருத்துவ நொபெல் பரிசு கிடைத்தது.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1974லேயே இவரைத் திருப்பீட அறிவியல் கழகத்தின் உறுப்பினராக நியமித்திருந்தார். 2001ல் இத்தாலி அரசு இவரை வாழ்நாள் செனட்டராக்கியது. 2012ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், 103ஆம் வயதில் உரோமையில் காலமானார்.

அன்பர்களே, சில புற்றுக்கட்டிகள் நரம்புகளைத் தம்மிடம் இழுக்கின்றன. அந்நரம்புகள் கட்டி வளரவும் பரவவும் துணைபோகின்றன. வலியையும் கூட்டுகின்றன என்று இன்று நாம் அறிவோம். அதே காரணியிலிருந்து, நரம்பு நலிந்த கருவிழியைக் குணமாக்கும் கண் சொட்டு மருந்தும் பிறந்துள்ளது.

நம் பங்கில் புற்றுநோயால் துன்புறும் ஒருவர் வலிக்கிறது என்று சொல்லும்போது, மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த வலி மனக்கோழை அல்ல, உடலுக்குள் உண்மையாகவே நடப்பது. அதை நம்பிக் கேட்பதும், வலி தணிக்கும் மருத்துவம் கிடைக்க உதவுவதும் நம்மால் இயலும் அன்புப் பணி. ஒரு பணிப்பெண்ணின் வேதனையைக் கண்டும் காணாமல் விட்டுவிடாத இளம்பெண்ணின் உள்ளத்தில்தான் இத்தனையும் தொடங்கியது.