சுரங்கத்திலிருந்து வந்த தளபதி ஜாக் ஸ்டீன்

ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில், கால்டன் என்னும் ஏழை எளியோர் வாழ்ந்த பகுதியில், புனித மரியாள் பங்கு உண்டு. 1887-ம் ஆண்டு நவம்பர் மாதம் அப்பங்கின் மன்றத்தில் கூடிய சிலர் ஒரு கால்பந்துக் கழகத்தைத் தொடங்கினார்கள். முன்னின்று நடத்தியவர் மாரிஸ்ட் சபைச் சகோதரர் வால்ஃப்ரிட். அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த கத்தோலிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள் பசியோடு பள்ளிக்கு வருவதை அவர் நாள்தோறும் கண்டவர். பந்தயம் நடத்தி, வசூலாகும் பணத்தைக் கொண்டு அவர்களுக்கு ஒரு வேளை உணவு கொடுக்கலாம் என்பது அவர் எண்ணம். அப்படிப் பிறந்ததே செல்டிக் கழகம்.

அக்கழகத்தை உலகறியச் செய்தவரோ கத்தோலிக்கர் அல்லர். நாம் பிரிந்த சகோதரர் என்று அன்போடு குறிப்பிடும் புராட்டஸ்டண்டு குடும்பத்தில் பிறந்தவர். அவரைத்தான் இங்கே நம் வாசகர்களுக்கு, குறிப்பாக மாலை வேளையில் பந்தும் கையுமாகத் திரியும் நம் இளைஞர்களுக்கு, அறிமுகப்படுத்த விரும்புகிறோம்.

ஜாக் ஸ்டீன் 1922-ம் ஆண்டு அக்டோபர் 5-ம் நாள் லானார்க்ஷயரில் பர்ன்பேங்க் என்னும் சுரங்க ஊரில் பிறந்தார். தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மகனும் பள்ளியை விட்டதும் சிறிது காலம் கம்பளத் தொழிற்சாலையில் இருந்துவிட்டு, பிறகு சுரங்கத்தில் இறங்கினார். வாரம் முழுவதும் மண்ணுக்கடியில் வேலை, சனிக்கிழமை பந்தாட்டம். 1942 முதல் எட்டு ஆண்டுகள் ஆல்பியன் ரோவர்ஸ் என்னும் சிறு கழகத்தில் சென்டர் ஹாஃப் நிலையில், அதாவது தற்காப்பு வரிசையின் நடுவில், ஆடினார். வேகம் குறைவு; ஆனால் ஆட்டத்தைப் படிக்கும் கண் கூர்மையானது.

1950-ல் வேல்ஸ் நாட்டு லனெல்லி கழகம் முழுநேரச் சம்பளத்துக்கு அழைத்தது. போனார். அங்கிருந்தபோது ஸ்காட்லாந்திலிருந்த அவருடைய வீட்டில் திருடர் புகுந்தனர். ஊர் திரும்ப வேண்டும் என்றார் மனைவி ஜீன். மீண்டும் சுரங்கத்துக்கே போய்விடலாம் என்று ஸ்டீனும் முடிவு செய்துவிட்ட நேரம். அப்போதுதான், 1951 டிசம்பரில், செல்டிக் கழகம் அவரை அழைத்தது. முதல் அணிக்கு அல்ல! இரண்டாம் அணியின் இளைஞர்களுக்குத் துணையாக, அனுபவமுள்ள ஒரு மூத்தவர் வேண்டுமென்று. வயது 29.

இந்த அழைப்பை ஏற்பது எவ்வளவு பெரிய செயல் என்பதை நாம் விளக்கித்தான் ஆக வேண்டும். கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸ், செல்டிக் என்னும் இரு கழகங்களிடையே நிலவிய பகை பந்தாட்டத்தோடு நிற்பதல்ல. ஒன்று புராட்டஸ்டண்டு மக்களின் கொடி, மற்றது கத்தோலிக்கரின் கொடி. செல்டிக் எல்லாச் சபையாரையும் சேர்த்துக்கொண்டது. ரேஞ்சர்ஸ் பல்லாண்டுகள் கத்தோலிக்கரைச் சேர்க்காமலே இருந்தது. ஸ்டீனின் குடும்பமோ ரேஞ்சர்ஸ் அபிமானக் குடும்பம். மகன் பச்சை வெள்ளைச் சட்டையை அணிந்ததும் கூடவே வளர்ந்த நண்பர் சிலர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவர் அதற்காகச் சட்டையை மாற்றவில்லை. சுரங்கத்தின் இருட்டில், பக்கத்தில் நிற்பவன் எந்தக் கோயிலுக்குப் போகிறான் என்று யாரும் கேட்பதில்லை; அங்கே உயிர் பக்கத்து ஆளின் கையில் இருக்கிறது. இந்தப் பாடத்தை அவர் அங்கேதான் கற்றிருப்பார் என்று நமக்குத் தோன்றுகிறது.

முதல் அணியின் தற்காப்பு ஆட்டக்காரர்கள் காயமுற்றதால் உடனே அவருக்கு இடம் கிடைத்தது. தலைவராயிருந்த ஷான் ஃபாலனின் கை முறிந்தபோது தலைமையும் வந்தது. 1953-ல் முடிசூட்டு விழாக் கோப்பை. 1954-ல் லீக் பட்டமும் ஸ்காட்லாந்துக் கோப்பையும் சேர்ந்தே செல்டிக்குக் கிடைத்தன. அந்த இரட்டை வெற்றி 1914-க்குப் பிறகு கிட்டாதது. 1955-ல் ரேஞ்சர்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் கணுக்கால் காயமுற்றது. அது சரியாகவே இல்லை. 1957-ல் ஆட்டத்தை விட்டார். பின்னும் சற்று நொண்டியே நடந்தார்.

கழகம் அவரை இரண்டாம் அணிப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டது. ஆனால் புராட்டஸ்டண்டு ஒருவர் செல்டிக்கின் மேலாளர் ஆனதில்லை. 1960-ல் டன்ஃபர்ம்லின் என்னும் தத்தளித்த கழகத்துக்கு மேலாளராகச் சென்றார். மறு ஆண்டே ஸ்காட்லாந்துக் கோப்பை இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது யார்? செல்டிக்! முதல் ஆட்டம் சமம்; மறு ஆட்டத்தில் 2-0 என்று டன்ஃபர்ம்லின் வென்றது. நேசித்த கழகத்தையே தோற்கடித்தது விசுவாசக் குறைவா? இல்லை என்போம். சோறு போட்டவருக்கு நேர்மையாக உழைப்பதும் விசுவாசமே.

1963-ல் இத்தாலியின் மிலான் நகருக்குச் சென்று, இன்டர் கழகத்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர் ஹெலெனியோ ஹெரேராவின் முறைகளை நேரில் கவனித்தார். 1964-ல் ஹைபர்னியன் கழகம். 1965 மார்ச் மாதம் செல்டிக் அவரைத் திரும்ப அழைத்தது. கழகத்தின் நான்காவது மேலாளர். கத்தோலிக்கர் அல்லாத முதல்வர். எட்டு ஆண்டுகள் பெரிய கோப்பை எதுவும் காணாத கழகம், ஆறே வாரத்தில் ஸ்காட்லாந்துக் கோப்பையை வென்றது.

பிறகு 1967. அந்த ஆண்டு செல்டிக் கலந்துகொண்ட ஐந்து பெரிய போட்டிகளிலும் வென்றது. மே 25-ம் நாள் லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரணி ஹெரேராவின் இன்டர். 1964-லும் 1965-லும் அக்கோப்பையை வென்ற அணி. ஒரு கோல் போட்டுவிட்டுக் கதவை அடைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். செல்டிக்கின் பதினொருவரும் கழக மைதானத்துக்கு 30 மைல் சுற்றளவுக்குள் பிறந்த பிள்ளைகள். ஏழாவது நிமிடத்தில் மஸ்ஸோலா பெனால்டியில் கோல் போட்டார். கதவும் அடைபட்டது. ஸ்டீன் தற்காப்பில் வளர்ந்தவர்; அடைத்த கதவை எப்படித் தட்ட வேண்டும் என்று தெரிந்தவர். பின்வரிசை ஆட்டக்காரர்களும் முன்னேறித் தாக்கவேண்டும் என்பதே அவர் திட்டம். 63-ம் நிமிடத்தில் கோல் போட்ட டாமி கெம்மல் ஒரு பின்வரிசைக்காரரே. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் ஸ்டீவ் சால்மர்ஸ் இரண்டாவதைப் போட்டார். பிரிட்டனிலிருந்து அக்கோப்பையை வென்ற முதல் கழகம் செல்டிக்.

1966 முதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது லீக் பட்டங்கள். 1970-ல் மீண்டும் ஐரோப்பிய இறுதி ஆட்டம். அதில் ஃபெயனூர்டிடம் தோல்வி. 1971 ஜனவரி 2-ம் நாள் ரேஞ்சர்ஸ் மைதானத்தில் நெரிசலில் 66 பேர் மாண்டபோது, காயமுற்றோருக்கு உதவ ஓடியவர்களில் ஸ்டீனும் ஒருவர். அங்கே பச்சை, நீலம் என்ற பேச்சு ஏது? 1975-ல் கார் விபத்தில் சிக்கி மரணத்தின் வாயில் வரை சென்று, ஓர் ஆண்டு கழித்து வேலைக்குத் திரும்பினார்.

1978-ல் அணி சரிந்தது. மேலாளர் பொறுப்பு லிஸ்பன் அணித்தலைவர் பில்லி மக்நீலிடம் போனது. கழகத்துக்கு நிதி திரட்டும் பிரிவில் ஒரு பதவியை ஸ்டீனுக்குக் கொடுக்க முன்வந்தார்கள். இவ்வளவு செய்தவருக்கு இதுதானா என்று கேட்காமல் நம்மால் இருக்க முடியவில்லை. அவர் அதை ஏற்கவில்லை. லீட்ஸ் கழகத்தில் 44 நாள் இருந்துவிட்டு, ஸ்காட்லாந்து தேசிய அணியின் பொறுப்பை ஏற்று, 1982 உலகக் கோப்பைக்கு அழைத்துச் சென்றார். 1984-ல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் உண்டியலில் பணம் போட அவர் தவறவில்லை.

1985 செப்டம்பர் 10-ம் நாள், கார்டிஃப் நகர். வேல்ஸ் அணியோடு சமன் செய்தால் 1986 உலகக் கோப்பைக்கான வாய்ப்பு நிலைக்கும். ஸ்காட்லாந்து ஒரு கோல் பின்தங்கியிருந்தது. கடைசிக் கட்டத்தில் டேவி கூப்பர் பெனால்டியில் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் ஸ்டீன் மைதான ஓரத்தில் சரிந்து விழுந்தார். மைதானத்தின் மருத்துவ அறையிலேயே உயிர் பிரிந்தது. வயது 62. உதவியாளராயிருந்த அலெக்ஸ் ஃபெர்குசன் பொறுப்பேற்று அணியை உலகக் கோப்பைக்குக் கொண்டுசென்றார்.

செல்டிக் மைதானத்தின் முன்னே 2005-ல் சகோதரர் வால்ஃப்ரிடுக்குச் சிலை வைத்தார்கள். 2011-ல் அங்கேயே ஜாக் ஸ்டீனுக்கும் ஒரு சிலை எழுந்தது. கையில் லிஸ்பன் கோப்பை.