லேப்ல இருந்து யாழுக்கு: விபுலானந்தர்

நண்பா, புதுக்கோட்டையிலிருந்து மணப்பாறை ரோட்டில் போனா குடுமியான்மலை வரும். கோயிலை ஒட்டின குடைவரைப் பாறையில் 7-ஆம் நூற்றாண்டு எழுத்தில் 38 வரி. எல்லாமே ஸ்வரக் குறிப்பு! செல்ஃபி எடுத்துட்டு வந்துடாதே. அந்தப் பாறையின் இசையையும் ஆராய்ந்த ஒரு சயின்ஸ் மாணவரின் கதையைக் கேட்டுட்டுப் போ.

இலங்கையின் காரைதீவில் 1892-ல் பிறந்த மயில்வாகனன்தான் பின்னாளில் விபுலானந்த அடிகள் ஆனார். கொழும்பில் அறிவியல் டிப்ளமோ வாங்கினார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். 1920-ல் லண்டன் பி.எஸ்ஸி. யாழ்ப்பாணத்தில் சயின்ஸ் வாத்தியார் வேலை. 1924-ல் ராமகிருஷ்ண மடத்தில் துறவு.

1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியர் ஆக்கியது. அங்கேதான் சிலப்பதிகார அரங்கேற்று காதை அவரைப் பிடித்துக்கொண்டது. அதில் வரும் யாழை வாசிக்க அப்போது யாரும் இல்லை. கருவியே வழக்கொழிந்து போயிருந்தது. மற்றவர்கள் உரை எழுதிய இடத்தில் இவர் கணக்குப் போட்டார். நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டாகக் குறைத்தால் சுருதி ஒன்றரை மடங்கு ஏறும். நம்ம ஃபிசிக்ஸ் புத்தகத்தில் இருக்கிற அதே விதிதான்! குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவு அது. இப்படி ஒவ்வொரு நரம்பாக, ஒவ்வொரு பண்ணாகக் கணக்கிட்டுக்கொண்டே போனார். தேவாரப் பண்களுக்கென்றே 'தேவாரவியல்' என்று ஒரு இயல் எழுதினார். குடுமியான்மலைக் கல்வெட்டும் அவர் ஆராய்ச்சிக்குள் வந்தது.

இது ஒரு செமஸ்டர் ப்ராஜெக்ட் இல்லை. பத்து வருஷத்துக்கும் மேல் இழுத்தது. நடுவில் இமயமலையில் பத்திரிகை ஆசிரியர் வேலை, 1943-ல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் பதவி. எங்கே போனாலும் யாழ் கூடவே போனது. ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. அந்த நேரத்தில் ஆதரித்தவர் புதுக்கோட்டை வள்ளல் சிதம்பரம் செட்டியார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை அச்சிட்டது.

1947 ஜூன். திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் 'யாழ் நூல்' அரங்கேறியது. அவர் கணக்குப்படி செய்த யாழ்கள் அங்கே ஒலித்தன. நோயோடு வந்து உட்கார்ந்து கேட்டார். ஜூலை 19-ல் காலமானார். வயது 55.

ஒரு மாதம், சில நாள். அவ்வளவுதான் இடைவெளி. கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தால்?

"நான் மெக்கானிக்கல், எனக்கு எதுக்குடா தமிழ்?" என்று அடுத்த தடவை வாய் வரும்போது இவரை நினைச்சுக்கோ. படிச்ச சயின்ஸை அவர் விட்டுட்டு வரலை; அதையே கையில் எடுத்துக்கிட்டுத்தான் தமிழுக்கு வந்தார். நீ பாதியில் வச்சிருக்கிற வேலை எது? இன்னைக்கு ராத்திரி அதைத் திற.