குழந்தையின் விருப்பத்துக்குக் காது கொடுத்த அம்மையார்



மழலையர் பள்ளிகள் சிலவற்றின் பெயர்ப் பலகையில் மாண்டிசோரி என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். அது ஏதோ ஒரு பாடமுறையின் பெயர் என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது ஓர் அம்மையாரின் பெயர். நம் சென்னையிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றியவர் அவர். அவருடைய பணி கெட்டிக்காரப் பிள்ளைகளிடத்தில் தொடங்கியதன்று. எதற்கும் உதவாதவர்கள் என்று உலகம் ஒதுக்கிவைத்த பிள்ளைகளிடத்தில் தொடங்கியது.

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் நாள் இத்தாலியில் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த காலத்தில், 1896-ல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்பு அங்குள்ள மனநோய் மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளை அக்காலத்தில் மனநோயாளர் விடுதிகளில் அடைத்து வைப்பது வழக்கம். அவர்கள் கையில் எடுத்து விளையாட ஒரு பொருளும் இல்லை. சாப்பாடு முடிந்ததும் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளை அவர்கள் தேடிப் பொறுக்குவதைக் கண்டு, காவலிருந்த பெண்மணி அதைப் பெருந்தீனி என்று அருவருத்தாராம். அம்மையாரோ அதில் வயிற்றின் பசியைக் காணவில்லை. வேலை தேடும் கைகளின் பசியைக் கண்டார்.

இத்தகைய குழந்தைகளுக்காகத் தமக்கு முன்பே உழைத்த இத்தார், செகேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களை அவர் ஊன்றிப் படித்தார். 1900-ல் உரோமையில் இக்குழந்தைகளின் ஆசிரியர்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளி ஏற்பட்டபோது அதன் இயக்குநர் இருவருள் ஒருவரானார். முதல் வகுப்பில் 64 ஆசிரியர்கள் சேர்ந்தனர். அங்கே கற்ற குழந்தைகள் சிலர் மற்றப் பிள்ளைகள் எழுதும் பொதுத் தேர்விலேயே தேறினர். ஊரார் வியந்து பாராட்டினர். அம்மையாருக்கோ கவலை பிறந்தது. இவர்களே இவ்வளவு முன்னேறக்கூடுமானால், நலமுள்ள பிள்ளைகளை நம் பள்ளிகள் எவ்வளவு முடக்கி வைத்திருக்க வேண்டும் என்று சிந்திக்கலானார்.

1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவருடைய குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பிள்ளைகள் அங்கே எழுதக் கற்றனர். ஒருநாள் அம்மையார் கைக்குட்டையால் ஓசையின்றி மூக்குச் சிந்துவது எப்படி என்று செய்து காட்டினார். பிள்ளைகள் கை தட்டி மகிழ்ந்தனர். மூக்கொழுகுவதற்காக அதுவரை எல்லோரும் அவர்களைத் திட்டினார்களே ஒழிய, யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

அவர் எழுதிவைத்த மற்றொரு நிகழ்ச்சியை ஆசிரியப் பயிற்சிக்குச் செல்லும் நம் பெண்மக்கள் மறக்கலாகாது. ஒரு தொட்டியில் மிதக்கும் பொம்மைகளைச் சுற்றிப் பிள்ளைகள் கூடி நின்றனர். இரண்டரை வயதுச் சிறுவன் ஒருவன் உள்ளே நுழைய முயன்று முடியாமற்போகவே, சுற்றுமுற்றும் பார்த்தான். ஒரு சிறு நாற்காலி கண்ணிற் பட்டது. அதன்மேல் ஏறிப் பார்க்கலாம் என்ற நம்பிக்கையில் முகம் மலர்ந்து அதை நோக்கி நடந்தான். அதற்குள் ஆசிரியை ஓடிவந்து அவனைத் தூக்கிப் பிடித்துப் பொம்மைகளைக் காட்டினாள். பொம்மைகளை அவன் கண்டான். ஆனால் முகத்திலிருந்த மகிழ்ச்சி மறைந்துபோயிற்று. அன்பினாலேயே அவள் அவனுடைய வெற்றியைப் பறித்துவிட்டாள்.

முசோலினி ஆட்சியில் இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. 1939-ல் பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று அவர் சென்னைக்கு வந்தார். அடையாற்றில் முதற் பயிற்சிக்கு முந்நூறு பேருக்கு மேல் கூடினர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார். 1940-ல் இத்தாலி போரில் இறங்கியதும் மகன் காவலில் வைக்கப்பட்டார். தாய் அடையாறு வளாகத்துக்குள் இருக்கும்படி ஆயிற்று. அம்மையாரின் எழுபதாவது பிறந்த நாளன்று அரசாங்கம் மகனை விடுவித்தது. அடையாற்றிலும் கொடைக்கானலிலும் பிற ஊர்களிலுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களை அவர் உருவாக்கினார். 1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் ஹாலந்தில் காலமாகி, அங்கே கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

இவ்வாழ்க்கை நமக்கு உரைப்பது யாது? நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டுச் சட்டம், குறித்த அளவு குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ தம் விருப்பப்படி இலவசமாகப் படிக்கும் உரிமை தருகிறது. ஆறு வயதுவரை எதிலும் விருப்பம் கேட்கப்படாத பிள்ளை அன்று திடீரென்று எதை விரும்பும்? ஆகையால் இது அங்கன்வாடியிலும் வீட்டிலும் தொடங்கவேண்டிய பாடம். எந்தச் சட்டை வேண்டும், யார் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று கேளுங்கள். கேட்டபின் காத்திருங்கள். வாய் பேசாத பிள்ளை விரலால் சுட்டினாலும், கண்ணால் காட்டினாலும், படத்தைத் தொட்டாலும் அதுவும் சொல்லே. வேண்டாம் என்று தலையசைத்தால் அதையும் மதியுங்கள். வலிக்கிறது, உதவி வேண்டும், நானே செய்கிறேன் என்று தெரிவிக்கப் பழகிய பிள்ளையே, நாளை நாம் இல்லாத இடத்திலும் தன்னைக் காத்துக்கொள்ளும். எப்போதும் தாயே பேசினால், தாய்க்குப்பின் அந்தப் பிள்ளைக்காகப் பேசுவார் யார்?

எரிக்கோ சாலையோரத்தில் குருடனான பர்த்திமேயுவைக் கூட்டத்தார் வாயடக்கப் பார்த்தனர். சேசுநாதரோ அவனை அருகே அழைத்து, அவனுக்கு என்ன வேண்டும் என்று அவனையே கேட்டார். அவனுடைய குறை கண்ணெதிரே தெரிந்திருந்தும் கேட்டார். வரும் ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் அப்படிப்பட்ட ஒரு பிள்ளையைச் சந்திக்கும்போது, தாயிடம் விசாரிக்காமல் பிள்ளையிடமே நலம் கேட்போமாக.