யார் வீட்டுப் பணம்? சுவாமி சகஜானந்தர் கேட்ட கணக்கு

மே 1 என்றால் உழைப்பாளர் நாள். சிதம்பரம் வட்டாரத்துச் சேரி மக்களுக்கு அது இன்னொரு நினைவையும் கொண்டுவரும். 1959ஆம் ஆண்டு அதே மே 1 அன்றுதான் சுவாமி சகஜானந்தர் மறைந்தார். ஓமக்குளத்தில் நந்தனார் பள்ளியைக் கட்டியவர் என்று அவரை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அரசுப் பணத்தில் நம் பங்கு எங்கே என்று சட்டமன்றத்தில் கேட்டவர் என்பது அவ்வளவாகத் தெரியாது. இந்த வாரம் அவருடைய வாழ்க்கையை அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்போம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. விடுதியில் தங்கி, உதவித்தொகை வாங்கிப் படிக்கும் நம் மாணவர்கள் எங்கே போனாலும் ஒரு பேச்சு அவர்களைத் துரத்துகிறது. மற்றவர்கள் கட்டும் வரிப்பணத்தில் இவர்கள் ஓசியில் படிக்கிறார்கள் என்பதே அந்தப் பேச்சு. பதில் சொல்லத் தெரியாமல் தலைகுனிந்து போகும் பிள்ளைகளை நாம் பார்க்கிறோம். அவர்களுக்கான பதில் இந்தச் சாமியாரின் வாழ்க்கையில் இருக்கிறது.

திருப்பிக் கேட்கப்பட்ட செலவு

சகஜானந்தர் 1890 ஜனவரி 27 அன்று ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் பிறந்தார். தந்தை அண்ணாமலை, தாய் அலமேலு. பெற்றோர் வைத்த பெயர் முனுசாமி. திண்டிவனத்தில் இருந்த மிஷன் பள்ளியில் சேர்ந்து படித்தார். நன்றாகப் படித்த அந்தப் பையனுக்கு அங்கே சிகாமணி என்று பெயர் வைத்தார்கள். மதம் மாறும்படி வற்புறுத்தியபோது அவர் மறுத்துவிட்டார் என்றும், அதுவரை அவருக்காகச் செய்த செலவைத் திருப்பிக் கேட்டார்கள் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

மிஷன் பள்ளிகள் இல்லாவிட்டால் அந்தக் காலத்தில் நம் மக்களில் பலர் எழுத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். அந்த நன்றியை நாம் மறக்கக் கூடாது. ஆனால் கொடுப்பவர் மனம் மாறினால் தர்மம் கடனாகிவிடும் என்பதை ஏழைப் பிள்ளை ஒருவன் சிறு வயதிலேயே பார்த்துவிட்டான் என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

படிப்பு நின்றது. பிழைப்புத் தேடிக் கோலார் தங்கவயலுக்குப் போயிருந்த குடும்பத்தோடு அவரும் அங்கே போய்ச் சேர்ந்தார். பண்ணையிலிருந்து தப்பித்த நம் மக்களுக்குக் கூலி என்று காசு கையில் கிடைத்த இடங்களில் தங்கவயலும் ஒன்று. அவர் மனம் அங்கே நிற்கவில்லை. ஆன்மிகத்தில் நாட்டம் கொண்டு சென்னை வியாசர்பாடிக்கு வந்து, கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகளிடம் சீடரானார். சகஜானந்தர் என்பது அந்தக் குரு கொடுத்த பெயர். குருவின் சொற்படி 1910இல் சிதம்பரம் வந்தார்.

ஓமக்குளத்தில் ஒரு பள்ளி

சிதம்பரத்தில் நம் மக்களுக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்தது. ஆதனூர் நந்தன் தில்லைக்குள் நுழைய நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது என்பது புராணம். அவர் தீ மூழ்கிய இடம் என்று மக்கள் சொல்வது ஓமக்குளம். அந்த ஓமக்குளத்துப் பக்கம்தான் சகஜானந்தர் பள்ளியைத் தேர்ந்துகொண்டார். 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். 25 பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளி அது. நந்தனை எரித்த இடமென்று சொல்லப்பட்ட மண்ணில் நம் பிள்ளைகள் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள்.

பள்ளியோடு விடுதியும் தேவைப்பட்டது. காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்தும் புவனகிரிப் பக்கத்திலிருந்தும் தினமும் நடந்து வந்து படிக்க முடியாது. சோறு போட்டால்தான் பிள்ளை படிப்பான்; இல்லாவிட்டால் மாடு மேய்க்கப் பண்ணைக்குப் போவான். அரிசி, துணி, புத்தகம், ஆசிரியர் சம்பளம், கூரை என்று செலவு மாதந்தோறும் வந்து நின்றது. சகஜானந்தர் ஊர் ஊராகப் போய் நன்கொடை திரட்டினார். செல்வர்கள் சிலர் கொடுத்தார்கள். 1927இல் சிதம்பரம் வந்த காந்தி இந்த வளாகத்துக்கும் வந்தார்.

ஆனால் நன்கொடையால் ஒரு பள்ளியைத் தொடங்கலாம். ஒரு மாவட்டத்துச் சேரிப் பிள்ளைகளை எல்லாம் படிக்க வைக்க முடியாது. அதற்கு அரசின் கஜானா திறக்க வேண்டும். அந்தக் கஜானாவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

தேவனாம்பட்டினம் முதல் மஞ்சக்குப்பம் வரை

கடலூர்க் கடற்கரையில் தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையை 1690இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியது. வியாபாரக் கணக்கு எழுத வந்தவர்கள் 1801இல் கர்நாடகம் முழுவதையும் கையில் எடுத்துக்கொண்டு வரிக்கணக்கு எழுதத் தொடங்கினார்கள். தென்னார்க்காடு மாவட்டத்தின் வரிப்பணம் கலெக்டர் இருந்த கடலூர் மஞ்சக்குப்பத்தைப் பார்த்துப் போனது.

அந்த வருவாயில் பெரியது நிலவரி. பட்டா யார் பெயரில் இருந்ததோ அவர் பெயரில் ரசீது போட்டார்கள். வீராணத்துத் தண்ணீரில் சேற்றை மிதித்து நட்டு, களை பறித்து, அறுத்து, கட்டுச் சுமந்து, நெல்லைக் களத்தில் கொட்டிய பண்ணையாளின் பெயர் எந்த ரசீதிலும் இல்லை. அவனுக்குக் கிடைத்தது படியளந்த கூலி. அந்த உழைப்பு இல்லாமல் ஒரு ரூபாய் நிலவரிகூட மஞ்சக்குப்பம் போயிருக்காது.

நிலவரிக்கு அடுத்தபடி பெரிய வருவாய் கள், சாராயத்தின் மீது போட்ட வரி. அதைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கூலிகள். உப்புக்கும் வரி இருந்தது. கஞ்சியில் உப்புப் போட்ட ஒவ்வொரு குடிசையும் அதைக் கட்டியது. பிறகு 1937இல் ராஜாஜி அரசு மதுவிலக்கைச் சேலத்தில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் விரித்தது. குறைந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி வந்தது. கடையில் பொருள் வாங்கும் எல்லோர் தலையிலும் விழும் வரி அது. இன்றைய ஜிஎஸ்டிக்கு அது பாட்டன் முறை.

ஆக, நம் மக்கள் என்றும் வரி கட்டியே வந்திருக்கிறார்கள். ரசீது மட்டும் வேறு பெயரில் இருந்தது. இந்த ரசீதுதான் அரசியலையும் தீர்மானித்தது. 1919 சீர்திருத்தத்தின்படி நடந்த தேர்தல்களில் நிலவரி, நகராட்சி வரி, வருமான வரி போன்றவற்றை இன்ன அளவுக்குக் கட்டியவர்களுக்கே ஓட்டு. நிலமில்லாதவனுக்கு ஓட்டு இல்லை. நம் மக்களுக்கான பிரதிநிதிகளை ஆளுநர் நியமித்தார்.

செல்லம் கொடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு

1920ஐ ஒட்டிச் சென்னை அரசு தொழிலாளர் ஆணையர் என்ற பதவியை உருவாக்கி, தாழ்த்தப்பட்டோருக்கான பணிகளை அவரிடம் கொடுத்தது. வீட்டுமனை, கிணறு, பள்ளி ஆகியவை அந்தத் துறையின் முக்கிய வேலைகள். மாகாணத்தின் மொத்தச் செலவில் அதற்கு ஒதுக்கியது மிகச் சிறிய தொகை. அதற்கே எதிர்ப்பு கிளம்பியது. 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. தொழிலாளர் துறை ஆதிதிராவிடருக்குச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறது என்று அரசியல் தலைவர்களே பேசினார்கள். இந்தப் போக்கால் மனம் கசந்த எம்.சி. ராஜா 1923இல் நீதிக்கட்சியை விட்டு வெளியேறினார்.

செல்லம் என்று அவர்கள் சொன்னதன் உண்மையைப் பாருங்கள். அந்தத் துறை வாங்கிக் கொடுத்த வீட்டுமனைகளில் பலவற்றின் விலையைக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகத் தவணை முறையில் நம் மக்களிடமே வசூலித்தார்கள். குடியிருந்த மனைக்குத் தவணை கட்டியவனைத்தான் ஓசியில் வாங்கியவன் என்றார்கள்.

பொதுப்பணத்தில் போட்ட சாலையிலும், வெட்டிய கிணற்றிலும், கட்டிய சத்திரத்திலும் நம் மக்கள் நுழைய முடியாத நிலை வேறு. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் இதைச் சட்டசபைக்குக் கொண்டுபோனார். பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது இடம் எல்லாம் எல்லாருக்கும் உரியவை என்ற தீர்மானம் அதன் பயனாக வந்தது. கோயிலைப் போல இதில் சாத்திரம் பேச இடமில்லை. பணம் பொதுவானால் பாதையும் பொதுதான்.

சபைக்குள் காவி

இந்தச் சூழலில்தான் 1926இல் சகஜானந்தர் சென்னை சட்டசபைக்குள் போனார். அன்று முதல் இறக்கும்வரை அவருடைய பொதுவாழ்வின் பெரும்பகுதி சட்டமன்றத்தோடு பிணைந்திருந்தது. பிற்காலத்தில் காங்கிரசில் இருந்தார். மதத்தை விட்டு வெளியேறும் அம்பேத்கரின் வழியை அவர் எடுக்கவில்லை. அதில் அவரோடு நமக்கு மாறுபாடு இருக்கலாம். ஆனால் அரசுப் பணம் என்று வந்தால் இருவரும் ஒரே திசையில்தான் நடந்தார்கள்.

சட்டமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் வைத்ததும் ஒவ்வொரு துறைக்கும் மானியக் கோரிக்கை வரும். அப்போது ஒரு சிறு தொகையைக் குறைக்கச் சொல்லி உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். தொகையைக் குறைப்பது அதன் நோக்கமல்ல. அந்தத் துறையின் குறையைச் சபையில் பேச வாய்ப்புப் பெறுவதே நோக்கம். நியமன உறுப்பினர்களாக இருந்த நம் தலைவர்களுக்கு எண்ணிக்கை பலம் இல்லை. பேசுவதற்கான அந்த நேரம்தான் ஆயுதம். பள்ளி, விடுதி, உதவித்தொகை, வீட்டுமனை, சாகுபடிக்கு நிலம் என்று சகஜானந்தர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அதே சிதம்பரத்தில் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் பெருங்கொடையோடு அரசின் நிதியும் அதற்குக் கிடைத்தது. அது நல்ல செலவு. இந்த மாவட்டமே அதனால் பயன்பெற்றது. வரிப்பணம் வீணாகிறது என்ற கேள்வியை ஓமக்குளத்து விடுதிச் சோற்றைப் பார்த்துக் கேட்டவர்கள் பல்கலைக்கழகத்தைப் பார்த்துக் கேட்டதில்லை என்பதைத்தான் நாம் சொல்கிறோம். அம்பேத்கரும் இதே ஒப்பீட்டைத்தான் கையில் எடுத்தார். 1942இல் வைசிராய்க்குக் கொடுத்த மனுவில், பனாரஸ், அலிகர் பல்கலைக்கழகங்களுக்கு அரசு தரும் மானியத்தைக் காட்டி, பட்டியல் சாதி மாணவரின் உயர்கல்விக்கும் பணம் கேட்டார். அதன் பயனாக 1944இல் தொடங்கியதுதான் இன்று நம் கல்லூரி மாணவர்கள் வாங்கும் மேல்நிலைக் கல்வி உதவித்தொகை.

1947இல் சிதம்பரம் நடராசர் கோயில் கதவு சட்டப்படி நம் மக்களுக்குத் திறந்தது. 1952இல் எல்லாருக்கும் ஓட்டு என்ற முதல் பொதுத்தேர்தல் வந்தது. ரசீது இல்லாதவனும் வாக்குச் சீட்டைப் பிடித்தான். அந்தத் தேர்தலிலும் 1957இலும் சிதம்பரம் இரட்டை உறுப்பினர் தொகுதியில் சகஜானந்தர் வென்றார். ஆளுநர் நியமித்த காலம் போய், மக்களே அனுப்பிய காலம் வந்ததை அவர் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார். அவர் தொடங்கிய பள்ளி இன்று ஆதிதிராவிடர் நலத்துறையின் கீழ், அரசு மேல்நிலைப் பள்ளிகளாக நடக்கிறது.

இன்றைய கணக்கு

மக்கள்தொகை விழுக்காட்டுக்கு ஏற்பப் பட்டியல் சாதியினருக்குத் திட்ட நிதியை ஒதுக்க வேண்டும் என்ற துணைத் திட்டம் 1979-80இல் நாடு முழுவதும் வந்தது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாம் 20 விழுக்காடு. கடலூர் மாவட்டத்தில் சுமார் 29 விழுக்காடு. ஏட்டில் ஒதுக்கும் பணம் எங்கே போகிறது என்பதே அன்று முதல் சண்டை. 2010இல் டெல்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுக்கு இந்தத் துணைத் திட்டத்திலிருந்து சுமார் 700 கோடி ரூபாய் திருப்பி விடப்பட்டது. அது தவறு என்று அன்றைய ஒன்றிய உள்துறை அமைச்சர் மாநிலங்களவையிலேயே ஒப்புக்கொண்டார். 2023இல் தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகைக்கு 1,540 கோடி ரூபாய் துணைத் திட்ட நிதி எடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையம் விளக்கம் கேட்டது. பட்டியல் சாதிப் பெண்களுக்குத்தான் அந்தப் பணம் போகிறது என்பது மாநில அரசின் பதில். எல்லாப் பெண்களுக்கும் பொது நிதியிலிருந்து கொடுப்பதை நமக்கு மட்டும் நம் தனி நிதியிலிருந்து கொடுத்தால் எப்படி என்பது நம் கேள்வி. 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் தனிச்சட்டமே நிறைவேறியது. சட்டம் வந்துவிட்டது; கணக்குக் கேட்பவர்கள் வர வேண்டும்.

மாணவர்களுக்குச் சொல்கிறோம். விடுதிச் சோறு பிச்சை இல்லை. உங்கள் தாத்தா நட்ட நெல்லிலும், உங்கள் அம்மா கடையில் வாங்கும் சோப்பிலும் தீப்பெட்டியிலும் அதற்கான பணம் ஏற்கெனவே போய்விட்டது. அடுத்த முறை யாராவது வரிப்பணம் என்று ஆரம்பித்தால் இந்தக் கணக்கை நிமிர்ந்து சொல்லுங்கள்.

ஊர் மக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சகஜானந்தர் மறைந்த மே 1 அன்றுதான் தமிழ்நாடு முழுவதும் கிராமசபை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவை அங்கே படிக்க வேண்டும் என்பது விதி. சிலைக்கு மாலை போட்டுவிட்டு அந்தக் கூட்டத்துக்குப் போவோம். நம் தெருவுக்கு என்ன ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள், மிச்சம் எங்கே என்று எழுந்து கேட்போம். பதில் வரவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடுவோம்.