லூயி பாஸ்டர்: கழுவின குடுவையைக்கூட நம்பாத விஞ்ஞானி... ஏன் தெரியுமா?

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? பியூரெட்டைச் சரியா அலசாம டைட்ரேஷன் பண்ணினா ரீடிங் தப்பா வரும். மார்க் குறையும், அவ்வளவுதான். ஆனா 160 வருஷத்துக்கு முன்னாடி, ஒரு கண்ணாடிக் குடுவை சுத்தமா இருந்ததா இல்லையா என்பதை வைத்தே அறிவியல் உலகத்தில் பெரிய சண்டை நடந்தது. அந்தச் சண்டையின் நாயகன் லூயி பாஸ்டர். பால் பாக்கெட்டில் 'பாஸ்சரைஸ்டு' என்று போட்டிருக்கிறதே, அது இவர் பெயரில் இருந்து வந்த வார்த்தைதான்.

யார் இந்த பாஸ்டர்?

1822 டிசம்பர் 27-ல் பிரான்ஸின் டோல் என்ற ஊரில் பிறந்தார். அப்பா தோல் பதனிடும் தொழில் செய்தவர். பாஸ்டர் படித்தது வேதியியல். கடைசி வரைக்கும் அவர் மருத்துவர் கிடையாது.

1857-ல் பாரிஸின் எகோல் நார்மால் கல்லூரியில் பொறுப்பேற்றபோது, அவருக்கு ஆய்வகமாகக் கிடைத்தது பரண் போன்ற மேல்மாடி அறைகள்தான். 1859-ல் மூத்த மகள் ஜான் டைபாய்டு காய்ச்சலில் இறந்தாள். வயது 9. ஏழு வருஷம் கழித்து இன்னொரு மகளும் அதே காய்ச்சலுக்குப் பலியானாள். டைபாய்டுக்குக் காரணம் ஒரு கிருமி என்பதை 1880-ல்தான் கண்டுபிடித்தார்கள்.

என்ன சண்டை?

கொதிக்க வைத்த சாறு சில நாளில் கெட்டுப்போகிறது. அதில் நுண்ணுயிர்கள் எங்கிருந்து வந்தன? தானாகவே உருவாகின்றன என்றார் ரூவான் நகரத்து அறிஞர் ஃபெலிக்ஸ் பூஷே. காற்றில் இருக்கும் தூசியோடு வெளியில் இருந்து வருகின்றன என்றார் பாஸ்டர்.

இதை நிரூபிக்க அவர் செய்தது அன்னக் கழுத்துக் குடுவை. கழுத்து நீளமாக, வளைந்து, வாய் திறந்தே இருக்கும். காற்று உள்ளே போகும். ஆனா தூசி வளைவிலேயே தங்கிவிடும். உள்ளே இருந்த சாறு மாதக்கணக்கில் கெடவில்லை. குடுவையைச் சாய்த்து, சாறு அந்த வளைவைத் தொட்டுத் திரும்பும்படி செய்தால் சீக்கிரமே கலங்கிவிட்டது.

பனிமலையில் ஒரு சொதப்பல்

1860 செப்டம்பரில் பாஸ்டர் குடுவைகளைத் தூக்கிக்கொண்டு ஆல்ப்ஸ் மலைக்குப் போனார். உயரம் போகப் போகக் காற்றில் தூசி குறையும், அதனால் கெட்டுப்போகும் குடுவைகளும் குறையும் என்பது அவர் கணக்கு. மூடி முத்திரையிட்ட குடுவையின் முனையை அங்கே உடைத்து, காற்றை உள்ளே விட்டு, மறுபடியும் நெருப்பால் உருக்கி மூட வேண்டும்.

முதல் நாள் சொதப்பிவிட்டது. பனியில் பட்டுத் தெறித்த வெயிலில் ஸ்பிரிட் விளக்கின் சுடரே கண்ணுக்குத் தெரியவில்லை. மூட முடியாமல் குடுவைகளைத் தங்கியிருந்த விடுதிக்கே கொண்டு போனார். அந்த அறையின் தூசியில் பெரும்பாலானவை கெட்டுப்போச்சு.

விளக்கைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் ஏறினார். இந்த முறை முனையைக் கீறும் கருவியையும், உடைக்கும் இடுக்கியையும் நெருப்பில் காட்டினார். குடுவையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துத் திறந்தார். தன் உடையில் இருக்கும் தூசிகூட உள்ளே போகக் கூடாது என்று அவ்வளவு கவனம்.

முடிவு என்ன? ஜூரா மலை அடிவாரத்தில் திறந்த 20 குடுவைகளில் 8 கெட்டன. சுமார் 850 மீட்டர் உயரத்தில் 20-க்கு 5. பனிமலையில் 20-க்கு 1 மட்டும்தான்.

பாதரசத்தில் ஒளிந்திருந்த அழுக்கு

பூஷே தன் சோதனையில் வெளிக்காற்று நுழையாமல் இருக்க, குடுவையைப் பாதரசத் தொட்டியில் கவிழ்த்து வைத்திருந்தார். 1864 ஏப்ரல் 7-ல் பாரிஸின் சோர்போன் அரங்கில் பாஸ்டர் பேசியபோது அந்தப் பாதரசத்தைத்தான் பிடித்துக்கொண்டார். பார்க்கப் பளபளவென்று இருந்தாலும் அதன் மேல் தூசி படிந்திருக்கிறது, குடுவைக்குள் கிருமி போனது அந்த வழியில்தான் என்று விளக்கினார். அரங்கமே அவர் பக்கம் சாய்ந்தது.

ஆனா கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. பாதரசத்தை வைத்து பாஸ்டர் செய்த சோதனைகளிலும் பெரும்பாலானவற்றில் உயிர்கள் முளைத்தன. எங்கோ அழுக்கு கலந்துவிட்டது என்று அவற்றை ஒதுக்கிவிட்டார். அவருடைய குறிப்பேடுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஜெரால்டு கைசன் 1995-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதைச் சுட்டிக்காட்டினார். பாஸ்டரின் முடிவு சரிதான். ஆனா பிடிக்காத ரிசல்ட்டை எல்லாம் அழுக்கு என்று தள்ளிவிடலாமா என்ற கேள்வி இன்றைய ஆய்வகங்களுக்கும் பொருந்தும்.

பூஷே பயன்படுத்திய வைக்கோல் சாற்றில் கொதிநீரிலும் சாகாத கிருமி வித்துகள் இருந்தன என்பது பிறகுதான் தெரிய வந்தது. அதாவது, கொதிக்க வைப்பது மட்டும் போதாது.

கழுவினால் சுத்தம் ஆகிவிடுமா?

இந்தக் கேள்வியை 1870-களில் கிளப்பியவர் லண்டன் மருத்துவர் சார்ல்டன் பாஸ்டியன். கொதிக்க வைத்த திரவத்திலும் உயிர்கள் வருகின்றன என்று அவர் மல்லுக்கு நின்றார். கிருமி எந்த வழியில் நுழைகிறது என்று பாஸ்டர் குழு தேடியபோது, சாதாரணத் தண்ணீரிலேயே கிருமிகள் இருப்பது தெரிந்தது. ஆய்வகத்து வாலை வடிநீரும் தப்பவில்லை. அப்படியென்றால் குடுவையைக் கழுவும் தண்ணீரே அதில் கிருமியை விட்டுவிட்டுப் போகிறது!

அதன் பிறகு விதி மாறியது. கழுவி முடித்த கண்ணாடியை நெருப்பில் காட்ட வேண்டும். திரவங்களைச் சுமார் 120 டிகிரி வரை சூடாக்க வேண்டும். இதற்காக பாஸ்டரின் உதவியாளர் சார்ல்ஸ் சாம்பர்லான் பிரஷர் குக்கர் பாணியில் உருவாக்கியதுதான் ஆட்டோகிளேவ். 1884-ல் அவரே பீங்கான் வடிகட்டியையும் கொண்டு வந்தார். அதையும் அடிக்கடி தேய்த்துக் கழுவி, சூடாக்கவில்லை என்றால் கிருமி அதற்குள்ளேயே வளர்ந்து மறுபக்கம் வந்துவிடும்.

1878-ல் பாரிஸ் மருத்துவ அகாடமியில் இதே விதியை அறுவை சிகிச்சைக்கும் கொண்டு வரச் சொன்னார் பாஸ்டர். கையைக் கழுவுங்கள், கருவியை நெருப்பில் காட்டுங்கள் என்பதுதான் சாரம். மருத்துவம் படிக்காத ஒருவர் தங்களுக்குப் பாடம் எடுப்பதைப் பல மருத்துவர்கள் ரசிக்கவில்லை.

வாயால் உறிஞ்சிய விஷம்

இத்தனை கவனமானவர் ஒரு விஷயத்தில் மட்டும் உயிரைப் பணயம் வைத்தார். வெறிநாய்க்கடி ஆராய்ச்சியில், கட்டிப்போட்ட வெறிநாயின் உமிழ்நீரைக் கண்ணாடிக் குழாய் வழியே தன் வாயாலேயே உறிஞ்சி எடுத்ததாக அவருடைய மருமகன் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. இன்று எந்த லேப்பிலும் பிப்பெட்டை வாயால் உறிஞ்ச அனுமதி இல்லை.

1885 ஜூலை 6-ல் ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு வெறிநாய்க்கடி தடுப்பூசி போடப்பட்டது. சிறுவன் பிழைத்தான். 1895 செப்டம்பர் 28-ல் பாஸ்டர் காலமானார். அவர் பெயரில் நம்ம குன்னூரிலும் 1907-ல் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது.

இன்றைய லேப்பில் என்ன செய்கிறார்கள்?

* கண்ணாடிப் பொருட்களைக் கழுவி, வாலை வடிநீரில் அலசி, பிறகு ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம் வைக்கிறார்கள்.

* மைக்ரோபிப்பெட்டின் வெளிப்புறத்தை 70 சதவீத ஆல்கஹாலில் துடைக்கிறார்கள். முனையில் திரவம் இருக்கும்போது படுக்க வைத்தால் அது பிஸ்டன் வரை ஓடிவிடும். அதனால் எப்போதும் ஸ்டாண்டில் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும்.

* அளவு சரியா என்று பார்க்க, பிப்பெட்டில் எடுத்த தண்ணீரை எடை போடுகிறார்கள். 1 மில்லி தண்ணீர் கிட்டத்தட்ட 1 கிராம் இருக்க வேண்டும்.

* எல்லா மைக்ரோபிப்பெட்டையும் ஆட்டோகிளேவில் வைக்க முடியாது. தயாரித்த கம்பெனியின் கையேட்டைப் பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு, அந்தக் குழாயும் பிப்பெட்டும் சுத்தமாக இருந்ததா என்று தெரிய வாய்ப்பே இல்லை. அதைப் பார்த்துக்கொள்வது லேப்பில் இருப்பவர் கையில்தான் இருக்கிறது.