ரத்தத்தை அளந்த சுப்பாராவ்!

குட்டீஸ்... அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என எந்தப் பக்கம் போனாலும், ரத்தப் பரிசோதனை செய்யும், 'லேப்' போர்டைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தரும் ரிப்போர்ட்டில் சில சமயம், 'பாஸ்பரஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். கண்ணுக்கே தெரியாமல் ரத்தத்தில் கரைந்திருக்கும் பொருளை எப்படி அளப்பது? அதற்கு நல்ல வழி சொன்னவர்களில் ஒருவர், நம் சென்னையில் படித்தவர். அவர் பெயர் எல்லாப்ரகத சுப்பாராவ்.

இவர், 1895 ஜனவரி 12ல், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். 13 வயதில், காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரர் ஆகலாம் என்று வீட்டை விட்டே கிளம்பி விட்டார்! அம்மா வெங்கம்மா விடுவாரா? பிடித்து இழுத்து வந்து, மறுபடியும் படிக்க வைத்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோல்வி. சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாம் முறை தேறினார். மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அப்போது காந்திஜியின் அழைப்பை ஏற்று, கதர் உடுத்திக் கல்லூரிக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. நன்றாகப் படித்தும், எம்.பி.பி.எஸ்., பட்டத்துக்குப் பதில், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ்., தான் கிடைத்தது.

அதைவிடப் பெரிய துயரமும் வந்தது. இவருடைய சகோதரர்கள் இருவர், 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோயால் அடுத்தடுத்து இறந்தனர். இந்த நோய் வந்தால், சாப்பிடும் சத்து உடம்பில் சேராது. ரத்தம் குறைந்து, ஆள் மெலிந்து கொண்டே போவார். அன்று அதற்குச் சரியான மருந்து கிடையாது. டாக்டருக்குப் படித்த சுப்பாராவ் கையில் எதுவும் இல்லை!

மாமனார் தந்த உதவியோடு, 1922ல் அமெரிக்கா போனார். படித்தது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில். செலவுக்குச் செய்ததோ, மருத்துவமனையில் இரவு வேலை. நோயாளிகளின் மலஜலத் தட்டுகளைக் கழுவினார்.

அங்கே சைரஸ் பிஸ்க் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, 1925ல் அந்தப் பாஸ்பரஸ் சோதனையை வெளியிட்டார். செய்முறை இதுதான்: முதலில் ரத்தத்தில் உள்ள புரதத்தைப் பிரித்து நீக்க வேண்டும். மிஞ்சும் தெளிந்த நீரில், அமிலமும் மாலிப்டேட் என்ற வேதிப்பொருளும் சேர்க்க வேண்டும். பிறகு இன்னொரு பொருளைக் கலந்தால், நீல நிறம் வரும். பாஸ்பரஸ் அதிகமாக இருந்தால் அடர் நீலம். குறைவென்றால் வெளிர் நீலம். அளவு தெரிந்த ஒரு நீலத்தோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டு விடலாம்!

பெரியவர்களுக்கு, 100 மில்லி லிட்டர் சீரத்தில், சுமார் 2.5 முதல் 4.5 மில்லி கிராம் பாஸ்பரஸ் இருக்கும். உங்களுக்குச் சற்று அதிகமாகவே இருக்கும். எலும்பு வளர்கிறதே, அதனால்! சிறுநீரகம் பழுதானால் இந்த அளவு ஏறும். எலும்பு வளையும், 'ரிக்கெட்ஸ்' நோயில் பெரும்பாலும் இறங்கும். இன்றைய கருவிகள் பலவற்றிலும் அதே மாலிப்டேட் தான் வேலை செய்கிறது.

தசைகளுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி., என்ற பொருளையும், 1929ல் பிஸ்க்கும் சுப்பாராவும் கண்டறிந்தனர். ஆனால், ஹார்வர்டில் அவருக்கு நிரந்தர இடம் கிடைக்கவில்லை. 1940ல் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார்.

அங்கே, 1945ல் அவரது குழு, போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. இந்தச் சத்து குறைந்தால், ரத்தச் சிவப்பணுக்கள் அளவில் பெரிதாகி, எண்ணிக்கையில் குறைந்து விடும். இரும்புச் சத்து குறைந்தாலோ, அணுக்கள் சிறுத்து விடும். ரிப்போர்ட்டில், 'எம்.சி.வி.,' என்ற வரி, அணுவின் சராசரி அளவைத்தான் சொல்கிறது. போலிக் அமிலம் கொடுத்ததும், ஸ்ப்ரூ நோயாளிகளுக்குப் புது ரத்தம் ஊறியது. சகோதரர்களைக் கொண்டு போன அதே ஸ்ப்ரூ! பள்ளியில் வாரம்தோறும் தரும் இரும்புச் சத்து மாத்திரையிலும், போலிக் அமிலம் சேர்ந்தே இருக்கிறது.

யானைக்கால் நோய் ஒழிப்புக்காக, தமிழகத்தில் வீடு வீடாக டி.இ.சி., மாத்திரை கொடுத்தார்களே... அதுவும், 1947ல் இவரது குழுவிடமிருந்து வந்தது தான். அந்த நோய்க்கான ரத்தச் சோதனை வேடிக்கையானது. இரவில் தான் எடுப்பர். பகலில் உள்ளே பதுங்கும் புழுக் குஞ்சுகள், கொசு கடிக்கும் இரவு நேரத்தில் தான் தோலுக்கு அருகே உள்ள ரத்தத்துக்கு வரும்.

1948 ஆகஸ்டில், 53வது வயதில், தூக்கத்திலேயே சுப்பாராவ் இறந்தார். 1922ல் விட்டுப் போன மனைவி சேஷகிரியை, அதன் பின் அவர் பார்க்கவே இல்லை. 1995ல், அவர் பிறந்து நூறு ஆண்டு ஆனபோது, இந்திய அரசு அவர் படத்தோடு தபால் தலை வெளியிட்டது.