சோடாக் கடை வருமானத்தில் பிறந்த பல் மருத்துவக் கல்லூரி



சாயங்காலம் நம் விளையாட்டுத் திடல் பக்கம் போனால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். சிரிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் வாயில் கம்பி மின்னுகிறது. என் பேத்தியும் அவர்களில் ஒருத்தி. ஒன்பதாம் வகுப்பு. மாதம் ஒருமுறை அவளை ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் ரயிலேற்றிச் சென்னைக்கு அழைத்துப்போவது, ஓய்வு பெற்ற தாத்தாவான என் பொறுப்பு.

போக வர அரை நாள் ஆகிவிடும். அங்கே டாக்டரம்மா கம்பியைத் தொடுவதோ பத்தே நிமிடம். மூன்றாவது மாதம் எனக்குப் பொறுமை போய்விட்டது. இவ்வளவு தூரம் வருகிறோமே, இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டால் சீக்கிரம் முடியாதா என்று கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஒரு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, பல்லின் வேர் எது, அதைச் சுற்றியுள்ள எலும்பு எது என்று விளக்கினார். அவசரப்பட்டு இறுக்கினால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார்.

அன்று முதல் இந்த விஷயத்தைக் கிடைத்த இடத்திலெல்லாம் படித்தேன். படிக்கும்போது ஒரு மனிதரின் வாழ்க்கை கண்ணில் பட்டது. இந்தியாவில் பல் மருத்துவம் என்பது முறையாகப் படித்துச் செய்யும் தொழிலானதற்கு முதல் காரணமானவர் அவர். டிசம்பர் 24 அவருடைய பிறந்த நாள். அந்த நாளைத்தான் நம் நாட்டில் தேசிய பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். இந்த டிசம்பர் இதழில் அவரைப் பற்றி எழுதுவது பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவர் பெயர் டாக்டர் ரஃபியுதீன் அகமது. 1890ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி, அன்றைய கிழக்கு வங்காளத்தில், இன்றைய வங்கதேசத்தில், பர்தன்பாரா என்ற ஊரில் பிறந்தார். டாக்காவில் ஆரம்பப் படிப்பு. பிறகு அலிகர் போனார். இன்று அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் என்று நாம் அறிவது அப்போது கல்லூரியாகத்தான் இருந்தது. அங்கே 1908இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது கூட நிறையவில்லை.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் பல்வலி வந்தால் என்ன செய்தார்கள்? கிராம்பு வைத்துக் கடித்தார்கள். தாங்க முடியாவிட்டால் சந்தையிலோ தெருவோரத்திலோ குறடு வைத்திருப்பவரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டார்கள். பல்லுக்கென்று ஒரு கல்லூரி இந்தியாவில் கிடையாது. பழைய காலத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். என் சின்ன வயதில் எங்கள் ஊர்ச் சந்தையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஒருவரிடம் என் கடைவாய்ப் பல் ஒன்றைப் பறிகொடுத்தவன் நான். முகம் ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது. எடுத்தது சரியான பல்தானா என்ற சந்தேகம் இன்றுவரை எனக்கு உண்டு.

ரஃபியுதீன் அகமது அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்து 1915இல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு பாஸ்டன் நகரத்தில் குழந்தைகளுக்கென்றே நடந்த ஃபோர்சைத் பல் மருத்துவமனையில் 1918 வரை வேலை பார்த்தார். அது முதல் உலகப் போர்க் காலம். அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். 1919இல் இந்தியா திரும்பிவிட்டார்.

இப்போது அவர் வாழ்க்கையைச் சற்று நிறுத்திவைத்துவிட்டு, டாக்டரம்மா எனக்குச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். அது புரிந்தால்தான் இந்த மனிதர் செய்ததன் அருமை புரியும்.

நம் பல், சுவரில் அடித்த ஆணி மாதிரி எலும்பில் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. கனம் சுமார் கால் மில்லிமீட்டர்தான். அதில் நார்களும் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் உண்டு. கம்பி பல்லை ஒரு பக்கம் தள்ளும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் உடம்பே எலும்பைக் கரைக்கிறது. இழுபடும் பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. எங்கள் பேங்க் பாஷையில் சொன்னால் ஒரு பக்கம் பற்று, மறுபக்கம் வரவு. இரண்டும் சரிக்கட்டிக்கொண்டே போனால் பல் நகரும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் கணக்கு.

இதை முதலில் நுண்ணோக்கியில் பார்த்துக் காட்டியவர்களில் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் சான்ட்ஸ்டெட் முக்கியமானவர். நாய்களின் பற்களில் கம்பி கட்டிச் சோதித்து 1904 வாக்கில் முடிவுகளை வெளியிட்டார். அழுத்தம் அளவுக்கு மீறினால் அந்தச் சவ்வில் ரத்த ஓட்டம் நின்று, அந்த இடம் செத்துப்போகிறது என்பது அவர் கண்டது. அப்படி ஆனால் பல் வேகமாக நகராது. செத்த பகுதியை உடம்பு அப்புறப்படுத்தும்வரை அசையாமல் நிற்கும். நான் கேட்ட மாதிரி இறுக்கியிருந்தால் என் பேத்திக்கு வலிதான் கூடியிருக்கும், நாள் குறைந்திருக்காது.

அதைவிடப் பெரிய விஷயம் வேர். எலும்பைக் கரைக்கும் அதே வேலை சில நேரம் பல்லின் வேர் நுனியையும் கரைத்துவிடுகிறது. அமெரிக்காவில் டென்வர் நகரத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் கெச்சம் என்ற டாக்டர், கம்பி கட்டியவர்களின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 1927இல் இதை வெளியிட்டபோது அந்தத் துறையே அதிர்ந்தது. ஈறுக்கு மேலே பல் வரிசை அழகாக இருக்கும். உள்ளே வேர் குட்டையாகியிருக்கும். வலியும் இருக்காது என்பதால் எக்ஸ்ரே எடுக்காமல் யாருக்கும் தெரியாது. குட்டையான வேர் திரும்ப நீளமாக வளராது.

பயப்பட வேண்டாம். கம்பி கட்டுபவர்களில் பலருக்கு வேர் மிகக் கொஞ்சம் குறைவது சகஜம், அதனால் பல்லுக்குக் கெடுதல் வருவதில்லை. சிலருக்கு மட்டுமே அதிகமாகக் குறைகிறது. அவர்களை நடுவில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்து, கம்பியின் வேலையைக் கொஞ்ச நாள் நிறுத்திவைப்பார்கள். அழுத்தம் நின்றால் கரைவதும் பெரும்பாலும் நின்றுவிடும்.

அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் கையில் நம் பிள்ளை இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். கெச்சமும் அப்படித்தான் நினைத்திருப்பார் போலும். பல் சீரமைப்பு செய்பவர்களைப் பரிசோதித்துச் சான்று தரும் அமெரிக்க வாரியம் 1929இல் தொடங்கியபோது அதற்கு முதல் தலைவராக இருந்தவர் அவர்தான்.

இனி நம்மவர் கதைக்குத் திரும்புவோம்.

கல்கத்தாவுக்கு வந்த ரஃபியுதீன் அகமது தனக்கென ஒரு கிளினிக் வைத்துச் சம்பாதித்து உட்கார்ந்திருக்கலாம். 1920இல் ஒரு பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அது. பணம்? அரசாங்கமும் கொடுக்கவில்லை, ஜமீன்தாரும் கொடுக்கவில்லை. நியூயார்க் சோடா ஃபவுன்டன் என்ற பெயரில் கல்கத்தாவில் ஒரு கடை திறந்தார். அமெரிக்காவில் சோடா ஃபவுன்டன் என்றால் சோடா, சர்பத், ஐஸ்கிரீம் கிடைக்கும் கடை. அந்த வருமானத்தில் கல்லூரியை நடத்தினார்.

பல்லைக் கெடுக்கும் இனிப்பு வியாபாரத்தில் பல்லைக் காக்கும் கல்லூரி என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தேன். ஆனால் முப்பத்தைந்து வருஷம் பேரேடு பார்த்தவன் என்ற முறையில் எனக்கு வேறொன்றும் தோன்றியது. ஒரு கடையின் லாபத்தை வருஷா வருஷம் எடுத்து, திரும்பி வராத ஒரு செலவில் போடுவதற்குத் தனி மனசு வேண்டும். கடன் விண்ணப்பமாக அது எங்கள் மேஜைக்கு வந்திருந்தால் நாங்கள் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டோம்.

கல்லூரியின் தொடக்க கால மாணவிகளில் ஒருவர் முகமது அலி ஜின்னாவின் தங்கை ஃபாத்திமா ஜின்னா. பிற்காலத்தில் பாகிஸ்தான் அரசியலில் பெரிய பெயராக விளங்கிய அவர், இங்கே படித்துவிட்டு பம்பாயில் பல் மருத்துவராகத் தொழில் செய்தவர். பெண்கள் வைத்தியம் படிப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது என்பதை நினைவில் வையுங்கள்.

கல்லூரி மட்டும் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1925இல் வங்காளப் பல் மருத்துவர் சங்கத்தை ஏற்படுத்தினார். இன்றைய இந்திய பல் மருத்துவர் சங்கத்துக்கு வித்து அதுதான். அதே ஆண்டு பல் மருத்துவத்துக்கென ஒரு பத்திரிகை தொடங்கி, நீண்ட காலம் அதன் ஆசிரியராக இருந்தார். 1928இல் மாணவர்களுக்காகப் பாடநூல் எழுதினார்.

அடுத்தது சட்டம். படித்தவர் யார், படிக்காதவர் யார் என்று பொதுஜனம் தெரிந்துகொள்ள ஒரு பதிவேடு வேண்டும் என்பது அதன் சாரம். 1939இல் வங்காளத்தில் பல் மருத்துவர் சட்டம் வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு 1948இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. பட்டம் பெற்றவர்கள் பதிவேட்டின் ஏ பகுதியில். பட்டம் இல்லாமல் அதற்கு முன்பே பல ஆண்டுகளாகத் தொழில் செய்துவந்தவர்கள் பி பகுதியில். பழையவர்களின் பிழைப்பையும் கெடுக்காமல், இனி வருபவர்கள் படித்துத்தான் வர வேண்டும் என்று கதவைச் சாத்திய ஏற்பாடு அது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் புதிய சட்டம் நிறைவேறிவிட்டது. பதிவு இல்லாமல் பல் வைத்தியம் செய்யக் கூடாது என்ற அடிப்படை மட்டும் அப்படியே இருக்கிறது.

1949இல், தான் சோடாக் கடை வைத்து வளர்த்த கல்லூரியை மேற்கு வங்க அரசுக்குக் கொடையாகக் கொடுத்துவிட்டார். ஏறக்குறைய முப்பது வருஷ உழைப்பு அது. அடுத்த ஆண்டு முதல் டாக்டர் பி. சி. ராயின் அமைச்சரவையில் அமைச்சராக இருந்து 1962 வரை விவசாயம், கூட்டுறவு, அகதிகள் மறுவாழ்வு போன்ற பொறுப்புகளைப் பார்த்தார். 1964இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1965ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் தேதி காலமானார். இன்று அந்தக் கல்லூரிக்கு அவர் பெயர்தான்.

அவர் மறைந்த அதே 1965இல்தான் பல் சீரமைப்பு நிபுணர்களுக்கென்று இந்திய அளவில் ஒரு சங்கம் அமைந்தது. அவர் போட்ட அடித்தளத்தின் மேல் எழும்பிய மாடி என்று அதைச் சொல்லலாம். நம் சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குத் தொடக்கம் 1953. கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பல் சீரமைப்புக்குத் தனித் துறையே அங்கு உண்டு.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன்? போன மாதம் நம் பிளாக் நண்பர் ஒருவர் தன் மகனுக்காக ஒரு விளம்பரம் காட்டினார். வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் பல் கிளிப், டாக்டரிடம் போக வேண்டாம், பாதி விலை. மாதச் சம்பளக்காரருக்குப் பாதி விலை என்பது பெரிய ஆசை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டியோடு எக்ஸ்ரே பார்க்கும் கண் வருவதில்லை. வேர் கரைகிறதா, எலும்பு வளர்கிறதா என்று கேட்க ஆளும் இல்லை. நண்பரிடம் இதைச் சொன்னேன். இப்போதைக்கு வாங்கவில்லை, யோசிக்கிறேன் என்றார்.

நீங்களும் உங்கள் பிள்ளைக்குக் கம்பி கட்டுவதாக இருந்தால் நான்கு காரியம் செய்யுங்கள். டாக்டரின் பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பி.டி.எஸ்.ஸுக்கு மேல் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். முடித்தவரா என்றும் கேளுங்கள். தொடங்கும் முன் எக்ஸ்ரே எடுப்பார்களா, நடுவில் வேரைப் பார்ப்பார்களா என்று விசாரியுங்கள். கம்பி கழற்றிய பிறகு தரும் ரிட்டெய்னரை, சொன்ன காலம்வரை பிள்ளை மாட்டிக்கொள்கிறதா என்று கவனியுங்கள். அந்தச் சவ்வின் நார்கள் பல்லைப் பழைய இடத்துக்கு இழுக்கப் பார்க்கும், அதனால்தான் ரிட்டெய்னர்.

எங்களுக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கிறது. ரயிலில் ஜன்னலோரம் பேத்திக்கு, பக்கத்து இருக்கை எனக்கு. இப்போதெல்லாம் டாக்டரம்மாவிடம் இறுக்கச் சொல்லி நான் கேட்பதில்லை. கடைசி எக்ஸ்ரேயில் வேர் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன்.